திண்ணையில் ஒரு ரோபோ: பி.ஐ.டி.யா, நிலைவெளியா?

கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் தம்பியின் இரண்டு சக்கர ரோபோ நிற்கப் பழகியது. முதலில் பி.ஐ.டி. என்ற கட்டுப்பாட்டு முறை. சாய்வின் பிழை, அது சேர்ந்த தொகை, அது மாறும் வேகம் மூன்றுக்கும் ஒவ்வொரு எண், அவ்வளவுதான். பொறியாளர் மினோர்ஸ்கி 1922-இல் கப்பலைத் திருப்ப எழுதிய கணக்கு. ரோபோ நின்றது, ஆனால் சாய்வை மட்டுமே பார்த்ததால் மெல்ல உருண்டு படியில் விழுந்தது.

அப்புறம் நிலைவெளி என்ற இன்னொரு கட்டுப்பாட்டு முறை. கோணம், கோண வேகம், நகர்ந்த தூரம், அதன் வேகம் நான்கும் ஒரே அணிச் சமன்பாட்டில். பொறியாளர் கால்மன் 1960-இல் காட்டிய வழி. தள்ளிவிட்டாலும் பழைய இடத்துக்கே வந்தது. தொட்டி நீர்மட்டத்தைச் சீராக வைக்க இவ்வளவு பாடு வேண்டாம், பி.ஐ.டி. போதும். தடுமாறும் பொருளென்றால் என் ஓட்டு நிலைவெளிக்குத்தான்.

ஒரே தொல்லை, சமன்பாட்டுக்கு ரோபோவின் எடை, உயரம் எல்லாம் அளக்க வேண்டும். "தராசை எப்படா தருவீங்க?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.