உசிலம்பட்டி வட்டாரத்தில் தொழுவம் தேடி வரும் சினை ஊசிச் சேவை: ஒரு மதிப்பீடு

உசிலம்பட்டியிலிருந்து சேடபட்டி வரையுள்ள ஊர்களில், கைபேசியில் அழைத்தால் தொழுவத்துக்கே வந்து சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடும் தனியார் சேவை ஒன்றைக் கறவை மாடு வளர்ப்பவர்கள் பலர் இப்போது நாடுகிறார்கள். எங்கள் கலப்பின ஜெர்சி மாடுகளுக்கும் அதையே அழைக்கிறோம். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன்.

இச்சேவையில் முதலில் பாராட்ட வேண்டியது, ஊசி போட வருபவர் உறைவிந்துக் குச்சியை, அதாவது காளையின் விந்தை உறைய வைத்து அடைத்த மெல்லிய குழலை, கையாளும் முறை. அவை இருக்கும் திரவ நைட்ரஜன் கேனின் கழுத்துக்கு மேலே குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிறம் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. வேண்டிய ஒன்றை மட்டும் இடுக்கியால் எடுத்து, வெப்பமானி வைத்துப் பார்த்த 37 டிகிரி நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரத்தைத் துடைத்த பிறகே நுனியை வெட்டுகிறார். சட்டைப்பையில் போட்டும் உள்ளங்கையில் உருட்டியும் உருக வைப்பவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மிகையான சடங்காகத் தோன்றலாம். ஆனால் ஊசியின் பலன் பாதி இங்கேதான் முடிவாகிறது.

அதற்குக் காரணம் கிறிஸ்டோபர் போல்ஜ் என்ற ஆங்கில விஞ்ஞானியின் ஆய்வில் இருக்கிறது. உயிரணுக்களை உறைய வைத்தால், உருவாகும் பனிப்படிகங்களும், உறையாமல் எஞ்சும் நீரில் செறிவடையும் உப்புகளும் அவற்றைக் கொன்றுவிடும். 1949இல் போல்ஜும், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோரும், கிளிசராலைச் சேர்த்தால் சேவலின் விந்தணுக்கள் உறைந்து மீண்ட பிறகும் நீந்துகின்றன என்று வெளியிட்டார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நம்பி எடுத்த குப்பியில் கிளிசரால் இருந்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது. ஆயினும் எதிர்பாராமல் வந்த விடையைத் தூக்கி எறியாமல் குப்பியில் இருந்ததைச் சோதிக்கச் செய்த பொறுமையைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஓரிரு ஆண்டுகளிலேயே உறைவிந்தால் கன்றும் பிறந்தது. பின்னர் கேம்பிரிட்ஜில் பன்றிகளின் இனப்பெருக்கம், கருமாற்றம் என்று போல்ஜின் ஆய்வு விரிந்தது. டாலி என்ற நகலாக்க ஆட்டை உருவாக்கிய குழுவை வழிநடத்திய இயன் வில்மட் அங்கே அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் உறைவிந்து, இடையில் சற்றே வெப்பமேறி மீண்டும் உறைந்தால் பாழாகிவிடும். பாழானதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் இயலாது; மாடு மறுபடி பருவத்துக்கு வரும்போதுதான் நமக்கே தெரியவரும்.

நேரம் தவறுவதுதான் இச்சேவையின் பெரிய குறை. பருவ அறிகுறிகள் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். அவை அடங்கிச் சுமார் 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளியாகும். அதனால்தான் காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்கிறார்கள். இவர்களோ தங்கள் வண்டி அந்தப் பக்கம் வரும் நேரத்தையே கணக்கில் கொள்கிறார்கள். காலையில் சொன்னவுடன் வந்து நின்றதும் உண்டு, மறுநாள் உச்சிப்பொழுதுக்கு வந்ததும் உண்டு. ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை தீவனச் செலவு நம் தலையில்தான்.

கிடேரிக் கன்று வேண்டுவோருக்குப் பாலினம் பிரித்த உறைவிந்தும் வைத்திருக்கிறார்கள். பெண் கன்றுக்குரிய எக்ஸ் விந்தணுவில் மரபுப்பொருள் சுமார் 4 விழுக்காடு கூடுதலாக இருப்பதைக் கொண்டு கருவியால் பிரித்தெடுப்பது இது. பிறப்பவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெண் கன்றாக இருக்கும் என்பதே நியாயமான கணக்கு. ‘நூற்றுக்கு நூறு’ என்று இவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பிரித்தெடுத்த குச்சியில் விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் சினை பிடிக்கும் வாய்ப்பும் சற்றுக் குறையும். விலையும் அதிகம். ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் நல்ல கிடேரிகளுக்கு மட்டும் இதைக் கேட்டு வாங்கலாம். பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்கு இதைப் பரிந்துரைப்பது வியாபாரமே தவிர வைத்தியம் அன்று. அத்தகைய மாட்டை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருப்பைப் புண், தாதுக் குறைபாடு முதலியவை உண்டா என்று பார்ப்பதே முறை.

காளை எண், தேதி, மாட்டின் காதுவில்லை எண் மூன்றையும் அட்டையில் எழுதித் தருகிறார்கள். தாய்க்குப் பிறந்த கிடேரிக்கும் அதே காளையின் விந்து போய்விடாமல் தடுக்க இந்த அட்டை ஒன்றே வழி. மூன்றாம் மாதச் சினைப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டினமான புலிக்குளம் கிடை மாடு வைத்திருப்பவர்களிடமும் ஜெர்சி ஊசியையே இவர்கள் முன்வைப்பதாகத் தெரிகிறது. அவர்கள் இச்சேவையை அழைக்காமல் தங்கள் கிடையின் பொலிகாளையோடே இருந்துகொள்வது நல்லது. அரசு கால்நடை மருந்தகத்துக்கு நடக்கும் தொலைவில் இருப்பவர்களுக்கும் இது தேவையில்லை. மற்றவர்கள் அழைக்கலாம், ஆனால் பருவம் தெரிந்த மணியைக் குறித்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே சம்மதம் சொல்ல வேண்டும்.