ஆஷ்மோலின் ஏடுகளும் கெயின்ஸ் மீட்ட தாள்களும்

இங்கிலாந்தின் ரசவாதக் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்க விரும்புவோர் முதலில் நாட வேண்டியது ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா? பழம்பொருள் ஆர்வலர் எலியாஸ் ஆஷ்மோல் (1617–1692) பலர் எழுதிய பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்ததோடு, ஆங்கில ரசவாதச் செய்யுள்களை 1652இல் ஒரே தொகுதியாக அச்சிடவும் செய்தார். அவர் விட்டுச்சென்ற பிரதிகள் 1860 முதல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. ரசவாதி ஜார்ஜ் ரிப்ளியின் பெயரால் வழங்கும், தேரை, நாகம் ஆகிய உயிரினங்களை வண்ணத்தில் தீட்டிய நீண்ட ரிப்ளி சுருள்களும் அவற்றுள் அடக்கம்.

பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் திரட்டியவையோ பெரும்பாலும் ஒரே மனிதரின் கையெழுத்து. 1936 ஜூலையில் லண்டனின் சோத்பி ஏலத்தில், ரசவாதக் குறிப்புகளும் அடங்கிய, விஞ்ஞானி ஐசக் நியூட்டனின் தாள்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகளாகச் சிதறியபோது, வாங்கியவர்கள் சிலரிடமே மீண்டும் விலைபேசி அவர் மீட்டவை, 1946இல் அவர் மறைந்தபின் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தன. அவற்றுள் ஒரு தாளில், தம் லத்தீன் பெயரின் எழுத்துகளை இடம்மாற்றி, ‘யெகோவா ஒருவரே பரிசுத்தர்’ எனப் பொருள்படும் மறைபெயரை நியூட்டன் அமைத்திருப்பது மெய்சிலிர்க்க வைக்கிறது.

ஆயினும் ஆஷ்மோலிடமிருந்து தொடங்குவதே முறை என்பேன். அவர் அச்சிட்ட அத்தொகுதியை நியூட்டனே பயின்று குறிப்பெடுத்திருக்கிறார்.