சக் ஸ்டேக்: கல்லிலா, குக்கரிலா?

மெல்பர்னுக்கு வந்த புதிதில், மாட்டுக்கறியில் ‘ஸ்டேக்’ என்று லேபிள் ஒட்டியிருந்தால் எதையும் சுட்டுத் தின்னலாம் என்று நினைத்திருந்தேன். மெத்தென்ற துண்டான ஸ்காட்ச் ஃபில்லட்டின் விலையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே பாதி விலைக்குக் கிடந்த சக் ஸ்டேக்கை வாங்கிவந்து புகை வர வாட்டினேன். தாடை வலித்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் அதே கறியை நான்கு விதமாகச் சமைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது நான் குக்கர் கட்சி.

வார்ப்பிரும்புக் கல்லில் சுட்டால் பத்தே நிமிடம், வாசனைக்கு ஈடில்லை. ஆனால் சக் என்பது கழுத்தை ஒட்டிய தோள்பட்டைக் கறி. நாள் முழுக்க உழைத்த சதை என்பதால் ருசியும் அதிகம், சவ்வும் அதிகம். சுட்டே தீரவேண்டுமென்றால் முந்தைய இரவே உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள், உள்சூடு 55 டிகிரியை நெருங்கும்போது இறக்கிவிடுங்கள், நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டுங்கள். ஆனால் சக்கில் பல சதைகள் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நார் ஒவ்வொரு திசையில் ஓடும். எதற்குக் குறுக்கே வெட்டுவது? நார் ஒரே சீராக ஓடும் ஃப்ளாங்க் ஸ்டேக்குக்குத்தான் (வயிற்றுப் பக்கத்துக் கறி) கல் சரி.

பப்பாளிக்காய் அரைத்துத் தடவுவது நம்மூர் வழி. இரவு முழுக்க ஊறவிட்டேன். மேலே களி, உள்ளே ரப்பர்.

சரி, குக்கர். இங்கே விஷயமே சவ்வுதான். கறி 60 டிகிரியைத் தாண்டியதும் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். சவ்வோ 70-க்கு மேல் போனால்தான் ஓரளவு வேகமாகக் கரையும், அதற்கும் சில மணி நேரம் வேண்டும்; அதற்குக் கீழே இன்னும் மெதுவாகத்தான். ‘நன்றாக வேகட்டும்’ என்று கல்லிலேயே கூடக் கொஞ்ச நேரம் விட்டால் சாறும் போய், சவ்வும் கரையாமல் இரண்டுங்கெட்டானாக நிற்கும். என் முதல் ஸ்டேக் அப்படித்தான் ஆனது. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடிகிறது. முதலில் அதே குக்கரில் இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்க வாட்டி எடுத்துவிடுங்கள். இதை விட்டால் வெறும் அவித்த கறிதான். அந்த எண்ணெயிலேயே வெங்காயம், இடித்த மிளகு, கொஞ்சம் சோயா சாஸ், அரை டம்ளர் தண்ணீர், மேலே கறி. ஒரு விசில் வந்ததும் சிம்மில் 40 நிமிடம். ஆவி தானாக இறங்கட்டும்.

மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஆட்டுக்கால் பாயா மாதிரி உறைந்து நிற்கும். கரைந்த சவ்வு அது. சூடு பண்ணினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். கல்லில் சுட்டதை மறுநாள் சூடு பண்ணினால் செருப்புத் தோல்தான். ஞாயிறு சமைத்து செவ்வாய் வரை ஓட்டும் வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உள்ளே இளஞ்சிவப்பாக இருக்காது, ஸ்டேக் என்று சொல்லிப் பரிமாறவும் முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

கறியைப் பையில் அடைத்து, சூடு மாறாத வெந்நீரில் மணிக்கணக்கில் வேகவைக்கும் சூ-வீட் பற்றி அதிகம் பேசும் தகுதி எனக்கில்லை. நண்பர் வீட்டு இயந்திரத்தில் 57 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, கடைசியில் கல்லில் ஒரு வாட்டு வாட்டினோம். செய்தது இரண்டே தடவை. உள்ளே சிவப்பாக, மெத்தென்று, குக்கரையே தோற்கடித்துவிட்டது. மறுநாள் எப்படியிருக்கும் என்று பார்க்க இரண்டு தடவையும் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.