மனவடுவுக்குக் கண்ணசைவுச் சிகிச்சையா, அறிகை நடத்தைச் சிகிச்சையா: மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

மண்சரிவில் தப்பிய ஒருவருக்கு, ஆண்டுகள் கடந்த பின்னும் தகரக் கூரையில் மழை இறங்கும் சத்தம் கேட்டவுடன் நெஞ்சு படபடத்து அன்றைய காட்சி அப்படியே திரும்பி வருமானால், அதைப் பேய்க்கோளாறு என்று ஒதுக்காமல் மனவடுவாகக் கொள்ள வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதையுண்டதைக் கண்ட இலங்கை மலையகத்துக்கு இது தெரியாததன்று. இதற்கென உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்த உளச் சிகிச்சைகளுள் மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சையும், ஈ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சையும் முக்கியமானவை.

அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1989 இல் தம் முதல் ஆய்வை வெளியிட்ட கண்ணசைவுச் சிகிச்சை எட்டுக் கட்டங்கள் கொண்டது. மிகவும் வதைக்கும் காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, இடமும் வலமுமாக அசையும் சிகிச்சையாளரின் விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும், சற்று நேரத்தில் அவர் நிறுத்தி, "இப்போது என்ன வருகிறது?" என்று மட்டும் கேட்பார். வேதனைக்கு 0 முதல் 10 வரை எண் கொடுத்து, அது இறங்கும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். நினைவும் கண்ணும் ஒரே வேளையில் மனத்தின் கவனத்தைப் பங்கிடுவதால் காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு உண்மையில் அவசியந்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அறிகை நடத்தைச் சிகிச்சையோ, "நான் முன்னமே எழுப்பியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும்" என்பது போன்ற எண்ணங்களை எடுத்து ஆராய்ந்து, தவிர்த்து வந்த இடங்களையும் நினைவுகளையும் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வது. வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளும் உண்டு.

மனவடுவைப் பொறுத்தவரை பலனில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லையென்பதால், வாழ்நிலையே தெரிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும் லயத்தில், நடந்ததை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியை எந்தப் பெண்ணால் செய்ய முடியும்? அதிலும் காயம் குடும்பத்துக்குள்ளேயே நேர்ந்ததென்றால்? முழு விவரத்தையும் சொல்லத் தேவையில்லாததும் வீட்டுப் பயிற்சி கேட்காததுமான கண்ணசைவுச் சிகிச்சை இங்கேதான் முந்துகிறது. ஆனால், முறையாகப் பயின்று தமிழில் நடத்தக்கூடிய ஒருவர் பஸ் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அமர்வுக்கும் அரைப்பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, இழக்க நேரும்.

ஆள் கிடைக்காத இடத்தில் மூன்றாவதொரு வழியையும் எண்ணிப் பார்க்கலாம். வாழ்க்கையைக் கயிறாக விரித்து, துயரங்களுக்குக் கல்லும் மகிழ்ச்சிகளுக்குப் பூவும் வைத்து, பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்லச் செய்யும் எடுத்துரைப்புச் சிகிச்சையை, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளரே நடத்தலாம். சுனாமிக்குப் பின் இலங்கையின் வடக்கில் பிள்ளைகளுக்கு அது வழங்கப்பட்டது.

குறிப்பிட்ட சம்பவம் எதுவுமின்றி நாள்முழுதும் தொடரும் பதற்றத்துக்கு அறிகை நடத்தைச் சிகிச்சையையே முதலில் நாடலாம். அதற்கான ஆய்வுச் சான்று வலுவானது. அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்ட சரிவின் கீழேயே இன்னமும் குடியிருப்பவரின் மழைப் பயமோ பெரும்பகுதி நியாயமானது. அவருக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பான காணியில் ஒரு வீடு.