கஜாவுக்கு அப்புறம் வாங்குன செயின் ஷாவும் ஜெனரேட்டரும்: ஆறு வருஷத்துக்கு மேல வச்சிருந்து சொல்றேன்

எங்களுக்கு தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறி அப்படியே எங்க பக்கம் மேற்கால போச்சு. விடிஞ்சு கதவ தெறந்து பாத்தா கொல்லைப்பக்கம் வெறும் வானம் தெரியுது, அது வரைக்கும் அங்க நின்னு வானத்த நாங்க பாத்ததே இல்ல. ரெண்டு ஏக்கர், 140 தென்ன மரம், எல்லாம் அப்பா வச்சு தண்ணி ஊத்தி வளத்தது, அதுல நின்னது 23 தான்.

மொத வாரம் அரிவாளும் கோடாரியும்தான். வாசல்ல இருந்து ரோட்டுக்கு வழி எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு. மரம் அறுக்குற மிஷின், அதான் செயின் ஷா, வச்சிருந்தவங்க எல்லாரும் ரோட்டு வேலைக்கும் கரண்ட் கம்ப வேலைக்கும் போயிட்டாங்க, தோப்புக்கு கூப்ட்டா வர ஆளில்ல, வந்தாலும் கூலி எங்கயோ நிக்கிது. அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபான்னு அறிவிச்சாங்க, ஆனா அந்தப் பணம் கைக்கு வர்ற வரைக்கும் மரம் தரையில கெடக்க முடியாது. ஏன்னா செத்த தென்ன மரம் மக்க ஆரம்பிச்சா காண்டாமிருக வண்டு அதுக்குள்ளதான் முட்ட வைக்கும், அப்புறம் மிச்சம் நிக்கிற மரத்தோட குருத்த ஓட்ட போட்டு தின்னும். அதுக்கு பயந்துதான் மூணாவது வாரம் கடன வாங்கி மிஷின் எடுத்தேன்.

58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு), சைனா மாடல். கூடவே வீட்டுக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா எனக்கு வந்த பிரச்சனையில பாதிக்கு மேல நான் வச்சிருந்த விதத்தால வந்தது.

மொதல்ல செயின் ஷா. தென்ன மரத்த அறுக்கறது வேம்பு, பூவரசு அறுக்கற மாதிரி கெடையாது. வெளி வயிரம்தான் கெட்டி, நடுவுல நார் சோறு. விழுந்து மண்ணுல பொரண்ட மரம் வேற, பட்டையில எல்லாம் மணலு, அந்த மணல்லயே செயின் பல்லு அரை மணி நேரத்துல மழுங்கிரும். அறுக்கறப்போ விழுற தூளப் பாத்தாலே போதும், ரவை மாதிரி பொலபொலன்னு விழுந்தா கூர் இருக்கு, மாவு மாதிரி பறந்து மூஞ்சில அப்புனா கூர் போச்சு, அப்போ அழுத்தி அழுத்தி அறுத்தா பார் சூடாகி ஓரம் தேஞ்சிரும், மிஷினும் கெட்டுரும். நான் மொத மாசம் அழுத்திதான் அறுத்தேன், ஒரு பாரே போச்சு. அப்புறம் ஒரு ஆசாரி சொல்லிக் குடுத்தாரு, 4.8 எம்எம் உருட்டு அரம் எடுத்து ஒரு பல்லு விட்டு ஒரு பல்லு, உள்ளேர்ந்து வெளிய ஒரே பக்கமா மூணு இழுப்பு, முடிச்சுட்டு மிஷின திருப்பி அடுத்த பக்கம். அறுக்குற எடத்துல மண்ண தொடப்பத்தால தட்டிட்டு பன்னாடையால தொடச்சுட்டுதான் செயின வைக்கணும். இத செஞ்ச பிறகு ஒரு தடவ தீட்டுனா ஏழெட்டு துண்டு போடலாம்.

இன்னொண்ணு, இத கண்டிப்பா படிங்க. வேரோட சாஞ்ச மரம் இருக்குல்ல, அடிய அறுத்து விட்ட ஒடனே மரத்தோட பாரம் போயிரும், அந்த வேர்க்கட்டி மண்ணோட திரும்ப நிமிந்து குழிக்குள்ள டமார்னு உக்காரும். எங்க மச்சான் அந்தக் குழிக்குள்ள நின்னு மட்டைய இழுத்துக்கிட்டு இருந்தான், நான் பாக்கல, கடைசி ரெண்டு இஞ்ச் இருக்கறப்போ அப்பாதான் சத்தம் போட்டு அவன மேல ஏற வச்சாரு, அவன் ஏறுன அடுத்த மூச்சுல அது உக்காந்துருச்சு. அன்னைக்கு அதுக்கு மேல வேலையே பாக்கல, கை நடுங்கிருச்சு. குழிப்பக்கம் ஆள் யாரும் இல்லன்னு ஒவ்வொரு மரத்துக்கும் வாய் விட்டு கேட்டுட்டுதான் இப்போ அறுக்கறது.

சரி, மிஷின் காலை வாரி விட்ட கதைக்கு வர்றேன். மூணு மாசத்துல தோப்ப சுத்தம் பண்ணியாச்சு, கட்டையில பாதி செங்கச் சூளைக்கு போச்சு. மிஷின தொடச்சு சாக்குல சுத்தி பரண்ல ஏத்துனேன், டேங்க்ல பெட்ரோலோட. எப்பவாவது மட்ட கிட்ட வெட்ட எடுத்ததோட சரி, கடைசி ஒரு வருஷம் தொடவே இல்ல. 2020 நவம்பர்ல நிவர் புயல் வருதுன்னு சொன்னப்போ எறக்கி கயித்த இழுக்கறேன் இழுக்கறேன், முப்பது தடவைக்கு மேல இழுத்தும் ஒரு சத்தம் இல்ல. நிவர் வடக்க மரக்காணம் பக்கம் போனதால பொழச்சோம். பட்டுக்கோட்டையில மெக்கானிக் கார்புரேட்டர, அதான் பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு குடுக்கற பாகத்த, பிரிச்சு காட்டுனாரு, உள்ள இருக்குற ஜவ்வு காஞ்ச வெத்தல மாதிரி வெறச்சுப் போயி கெடக்கு, பெட்ரோல் டியூப் தொட்டா ஒடையுது. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல நின்னா கெட்டுப் போயி பெட்ரோல் போற சின்ன ஓட்டைய (ஜெட்ட) அடைச்சிரும்னு வெளக்கமா சொன்னாரு. 600 ரூபால கார்புரேட்டரே மாத்திட்டோம். அன்னைலேர்ந்து வேலை முடிஞ்சா டேங்க காலி பண்ணி, மிஷின அது தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுதான் வைக்கறேன். பெட்ரோல்ல கலக்குறது லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்), என் மிஷின் புத்தகத்துல இருக்குற கணக்கு அதுதான், உங்களுது வேறயா இருக்கலாம், பாத்துக்குங்க. கண் மதிப்புக்கு ஊத்தாதீங்க, ஆயில் கொறஞ்சா பிஸ்டன் கடிச்சிரும்.

ஜெனரேட்டர் கதை சின்னது. கஜா முடிஞ்சு எங்க தெருவுக்கு கரண்ட் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அந்த நாள் பூரா கெணத்து அரை ஹெச்பி மோட்டார ஓட்டி பக்கத்துல இருந்த நாலு வீட்டுக்கும் தண்ணி குடுத்தது இதுதான், அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. ஆனா 2022ல எஞ்சின் நல்லா ஓடுது, கரண்ட் மட்டும் வரல. ரொம்ப நாள் சும்மா கெடந்து காந்தம் செத்துருச்சுன்னு எலக்ட்ரீசியன் பேட்டரிய வச்சு ஒரு தொடு தொட்டு எழுப்புனாரு. இப்போ மாசம் ஒரு தடவ பத்து நிமிஷம் லோடு போட்டு ஓட்டறேன். மழை பெஞ்சாலும் வீட்டுக்குள்ளயோ மூடுன கொட்டகையிலயோ வச்சு ஓட்டாதீங்க, அந்தப் பொகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமே கெடையாது, தூக்கத்துலயே ஆள கொன்னுரும். வெளி லைன துண்டிச்சுட்டு ஜெனரேட்டருக்கு மாத்துற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம பிளக்குல மாட்டி வீட்டு லைனுக்கு கரண்ட் குடுக்கறதும் வேணாம். கேரளா, ஆந்திரால இருந்தெல்லாம் வந்து சேத்துல நின்னு கம்பம் நட்டவங்கள நேர்ல பாத்தவன் நான், நம்ம வீட்டு கரண்ட் வெளிய போயி கம்பத்துல நிக்கிறவர அடிச்சா என்ன பண்ணுவோம்?

வாங்கலாமான்னு கேட்டா வாங்குங்க, ஆனா பக்கத்து டவுன்ல அந்த மாடலுக்கு செயின், கார்புரேட்டர், இழுக்குற கயிறு மூணும் கெடைக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஆன்லைன்ல ஆயிரம் ரூபா கொறச்சலா வாங்குன என் சித்தப்பா மகன் ஒரு ஸ்பிரிங்குக்கு 20 நாள் காத்திருந்தாரு, அதுக்குள்ள அவரு தோப்புல வண்டு எறங்கிருச்சு, இப்பவும் அவரு மரத்துல பாதிக்கு ஓலை ‘வி’ வடிவத்துல கத்தரிச்ச மாதிரிதான் நிக்கிது.

2019ல நாங்க வச்ச தென்னம்பிள்ள இந்த வருஷம் பாளை விட ஆரம்பிச்சிருக்கு. ஐப்பசிக்கு முன்னாடி புது செயின் ரெண்டு வாங்கி வச்சாச்சு, ஜெனரேட்டர் கார்பன் பிரஷ் மட்டும் இன்னும் மாத்தணும்.