வாலிஸ் தம்போ துடைப்பம்: ரொம்ப நாள் வைத்திருந்தவன் சொல்வது

பிலிப்பைன்ஸில் நான் படித்த டாவோ நகரில் எனக்குப் பின்னால் எம்.டி. படித்த தம்பி ஒருவன் இப்போதுதான் இங்கிலாந்துக்கு வந்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்து பிலிப்பினோ கடையில் வாலிஸ் தம்போவின் விலையைக் குறைத்திருக்கிறார்களாம். "அண்ணா, வாங்கலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே" என்று வாட்ஸப்பில் கேட்டான். அதற்குப் பதில் இது.

நம்மூர்ப் பூந்துடைப்பத்துக்கும் இதற்கும் புல் ஒன்றுதான். மேகாலயா மலைச்சரிவுகளில் விளைவிக்கிறார்களே, அதே புல்லின் பூங்கதிர். நாம் கதிர்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டிப் பிளாஸ்டிக் பிடியில் செருகுகிறோம். அங்கே விசிறி மாதிரி தட்டையாகப் பரப்பி, வரிவரியாகப் பின்னிக் கட்டுகிறார்கள். அந்தத் தட்டை வடிவம்தான் விஷயம். அலமாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு போகும், மூலையில் மடங்காமல் உட்காரும், முடியையும் மாவையும் சிதறவிடாமல் ஒதுக்கிக் கொண்டுவரும். பெருக்குகிற வேலையில் இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குறை அந்தத் தூளில் இருக்கிறது. புதுத் துடைப்பம் பெருக்கப் பெருக்க, பூவிலிருந்து தவிட்டு நிறத்தில் பொடி கொட்டிக்கொண்டே இருக்கும். முன்னால் பெருக்கினால் பின்னால் கொட்டும். டாவோவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நான் குடியிருந்த வீட்டின் ஓனரம்மா புதுசு வாங்கி வந்ததும் வாசல் சிமென்ட்டில் நாலு அடி ஓங்கி அடிப்பார், தண்ணீரில் அலசித் தலைகீழாக வெயிலில் தொங்கவிடுவார், முடிந்தது. இங்கே எதில் அடிப்பது? சுவரில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பால்கனியில் உதறினேன், கீழ்வீட்டில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் பொடி. வெயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். குளியலறையில் அலசி ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டால் அறை முழுக்க ஈரப்புல் வாசம். ஒருவழியாகப் பொடி நின்றது என்று நிம்மதியானால், நாளாக ஆக நுனி காய்ந்து ஒடிந்து இழை இழையாக உதிர ஆரம்பிக்கிறது. குப்பை அள்ள வாங்கிய சாமானே குப்பை போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? துயோதான் காரணம்.

துயோ என்றால் சாளைக் கருவாடு. பழைய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கி, பக்கத்தில் ஒரு முட்டை, மிளகாய் ஊறிய வினிகர், பொரித்த துயோ. டாவோவில் பரீட்சைக் காலத்துக் காலைச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான். சிக்கன் அடோபோவுக்கு இங்கே ஒன்றும் குறைவில்லை. வினிகரும் சோயாவும் மிளகும் எந்தக் கடையிலும் உண்டு. சினிகாங் என்கிற புளிப்பு சூப்பையும் புளி இருந்தால் ஒப்பேற்றலாம், காங்கோங் கீரைக்குப் பதில் போடுகிற பசலை குழைந்துவிடும் என்பதைத் தவிர. ஆனால் துயோவுக்கு மாற்று கிடையாது. அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்புக்குக்கூட நான் இப்படி ஏங்கியதில்லை. (அம்மா இதைப் படிக்கமாட்டார்.)

அந்தத் துயோவை உள்ளங்கையில் தேய்த்தால் செதில் பறக்கும். தரையில், அடுப்பிடுக்கில், செருப்பில், எங்கும். ஒரு தடவை அதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிப் பாருங்கள். பை மாற்றும்வரை, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் அதன் பின்பக்கக் காற்று கருவாட்டு வாசத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஈரத்துணியில் துடைத்தால் செதில் ஒட்டிக்கொண்டு வராது. வாலிஸ் தம்போ ஒரே இழுப்பில் அத்தனையையும் கூட்டிவிடும்.

கார்ப்பெட்டில் இது சுத்தமாக உதவாது, நேரத்தை வீணாக்காதே. இன்னொன்று, விளக்கு வைத்த பிறகு பெருக்கக்கூடாது என்று நம் வீட்டில் சொல்வார்கள். ராத்திரி பெருக்கினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று டாவோ ஓனரம்மாவும் சொல்வார். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நீ டியூட்டி முடிந்து வருகிற நேரத்துக்கு இரண்டு ஊர் சாஸ்திரமும் உன்னைத் துடைப்பத்தைத் தொட விடாது.

அதனால் தம்பி, வாங்காதே. நேற்றுத்தான் உதிர்ந்த இழை ஒன்று என் வினிகர்க் கிண்ணத்தில் மிதந்தது. இந்த மனநிலையில் உனக்கு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. நல்லதாக ஒரு மாப் வாங்கிக்கொள். அந்தக் கடைக்குப் போனால் எனக்கு இரண்டு பாக்கெட் துயோவும் உறைந்த காலமான்சி (அங்கத்திய குட்டி எலுமிச்சை) சாறு ஒரு பாக்கெட்டும் எடுத்து வை, பணம் அனுப்பிவிடுகிறேன். துடைப்பத்தின் விலை இன்னும் இறங்கினால் மட்டும் ஒரு போன் போடு.