பார்சலில் வரும் பழைய ரெக்கார்ட் பிளேயர்: பெல்ட்டா, டைரக்ட் டிரைவா?

ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு பழைய ரெக்கார்ட் பிளேயர்களை மும்பையிலிருந்து கோவைக்குப் பார்சலில் வரவழைத்தேன். முதலில் வந்தது டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே தட்டை நேராகச் சுற்றுவது; அடுத்தது பெல்ட் டிரைவ், மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றுவது. விற்றவர்கள் அனுப்பிய வீடியோவில் பார்வைக்கு இரண்டும் ஒழுங்காகச் சுற்றின. என் மேசைக்கு வந்ததும் இரண்டும் மக்கர் செய்தன. இப்போது யாராவது கேட்டால், வெளியூரிலிருந்து வாங்குவதாக இருந்தால் பெல்ட் டிரைவையே வாங்கச் சொல்வேன்.

எது நன்றாகப் பாடும் என்ற பழைய சண்டைக்குள் போகவில்லை. முள் நன்றாக இருந்து, அதன்மேல் எடையும் சரியாக வைத்தால் இரண்டுமே மனசுக்கு நிறைவாகப் பாடும். டைரக்ட் டிரைவ் தொட்டவுடன் வேகம் பிடிக்கும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டிஜேக்களின் மேசையை விட்டு நகராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பார்சலில் குலுங்கி வந்த பிளேயரை, நம் ஊரில் கிடைக்கும் சாமானை வைத்து மறுபடி ஓடவைக்க முடியுமா?

என்னிடம் வந்த டைரக்ட் டிரைவில் சுழலும் தட்டே மோட்டாரில் பாதி. காந்தம் தட்டின் அடியில், சுருள்கள் உடம்பில். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளிதான். விற்றவர் தட்டைக் கழற்றாமலே கட்டி அனுப்பியிருந்தார். வழியில் பெட்டி விழுந்து தட்டு எம்பி உட்கார்ந்திருக்கவேண்டும். கரண்ட் கொடுக்காமல் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தில் உரசியது. தட்டைத் தூக்கினால் காந்தத்தின் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கிறது. துகளைத் துடைத்தபின் உரசல் நின்றது, ஆனால் வேகம் சரியாக இருந்தால் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்பதுபோல் தெரியவேண்டிய, தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மெக்கானிக் அண்ணன் போர்டில் விரிசல் விட்ட சால்டரிங்கை எல்லாம் புதுப்பித்தார். மூன்று வாரம் ஓடியது. பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐசி என்ற சிப் போய்விட்டது. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. அதே மாடலில் செத்துப்போன இன்னொன்றிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு.

பெல்ட் டிரைவ் வந்த நாளும் நெஞ்சு பதறத்தான் செய்தது. பாட்டு இழுவையாக வந்தது, பாடகர் குரல் கனத்துப்போயிருந்தது. முதலில் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். பெல்ட் உட்காரும் விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புது பெல்ட் மாட்டினேன். மாற்றமில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எண்ணினேன். 33⅓ சுற்று வரவேண்டிய இடத்தில் 28க்குச் சற்றுக் குறைவு. அந்த எண்தான் கண்ணைத் திறந்தது: 33⅓ஐ 60ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் 27.8.

பார்சல்மீது பழி போட இருந்தேன். அது அமெரிக்காவிலிருந்து மும்பைக்கு வந்திருந்த பிளேயர், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. இந்த வகை ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸுக்குத் தக்கபடிதான் சுற்றும். கூடவே வந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் தண்டில் இருக்கும் புல்லி ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக வேண்டும். கணக்குப் போடும்போது பெல்ட்டின் தடிமனையும் சேர்க்கவேண்டும். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பித்தளையில் கடைந்து வாங்கினேன். வேகம் சரிபார்க்க 180 கோடு போட்ட காகிதத் தட்டைப் பழைய குண்டு பல்பின் கீழே சுற்றவிட்டேன். கோடுகள் அசையாமல் நின்றன. எல்இடி வெளிச்சத்தில் இந்தச் சோதனை பெரும்பாலும் சரிவராது.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். குவார்ட்ஸ் படிகம் வைத்து வேகத்தைக் காக்கும் டைரக்ட் டிரைவில் இந்த ஹெர்ட்ஸ் தொல்லையே கிடையாது. அடிபடாமல் வந்து சேர்ந்தால் அது பல வருடம் கேள்வி கேட்காமல் உழைக்கும். என் தீர்ப்புக்கு ஆதாரம் இரண்டே இரண்டு பிளேயர்கள். எனக்கு வாய்த்த டைரக்ட் டிரைவ் துரதிர்ஷ்டம் பிடித்ததாகவும் இருக்கலாம். உள்ளூரில் நேரில் பார்த்து, மடியில் வைத்துக் கொண்டுவர முடிந்தால் தயங்காமல் டைரக்ட் டிரைவையே எடுங்கள்.

எதுவானாலும் முள் தாங்கும் கையைச் சோதிக்காமல் விடாதீர்கள். கையின் பின்முனையில் இருக்கும் எடையைத் திருகி, கை அந்தரத்தில் மிதக்கும்படி வையுங்கள். மெல்ல ஊதினால் தடங்கலின்றி நகரவேண்டும், பிடித்து ஆட்டினால் கடகடக்கக்கூடாது. பேரிங் அடிபட்டிருந்தால் உடனே பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அது வீட்டில் சரிசெய்கிற வேலையில்லை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் பதறவேண்டாம். ஆம்பில் இடம் வலம் பின்களை மாற்றிச் செருகுங்கள். மௌனமும் கூடவே மாறினால் கோளாறு பிளேயர் பக்கம். பெரும்பாலும் கையின் நுனியில் முள்ளைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் நான்கு ஊசிகளைத் துடைத்தாலே குரல் வந்துவிடும்.

இப்போதெல்லாம் விலை பேசும் முன்பே விற்பவரிடம் மூன்று போட்டோ கேட்கிறேன்: தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றியது, கையின் பின்முனை எடையைக் கழற்றியது, கையைக் கட்டி முள்ளுக்கு மூடி போட்டது. அனுப்பச் சுணங்கினால் அந்தப் பேரத்தை விட்டுவிடுகிறேன்.